கத்தியில வந்தது காயிதத்துல போகுது

அம்மிணி, உன்ற ஆஸ்பத்திரியில எனக்கு ஒரு கொறையும் படல. 12 கட்டிலு, ஒரு தியேட்டரு, ஸ்கேன் ரூமு, வாசல்ல மெடிக்கல் ஷாப்பு, எல்லாம் நெம்ப லச்சணமாத்தான் இருக்குது. உன்ற கைராசியும் ஊரறிஞ்சது. பித்தப்பைக் கல்லுக்கு ஆப்பரேசன் பண்ணுன பொம்பளை பழையபடி தறிக்குழியில எறங்கிட்டான்னு சென்னிமலை பூரா பேச்சு. அதனால வைத்தியத்தப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டன். தொறந்தா தெர்மாமீட்டர வெச்சு அடச்சுப்போடுவே.

நான் சொல்ல வந்தது வேற சோலி. "அப்பிச்சி, நான் டாக்டரு. பில்லு, கணக்கு, இன்சூரன்ஸ் எல்லாம் அந்தப் புள்ளைங்க பாத்துக்குவாங்க, எனக்கு எங்க நேரம்?"னு போன அமாவாசைக்குச் சோறு போட்டுக்கிட்டே சொன்னே பாரு, அதக் கேட்டு எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. எப்பேர்ப்பட்ட பெரிய மனசு! ஈரோட்டு மஞ்ச மண்டியில கணக்கெழுதியே மீசை நரைச்சவன் நான். "கணக்கு எனக்கெதுக்கு"ன்னு சொன்ன மொதலாளிங்க ரெண்டு மூணு பேர நானும் பாத்திருக்கறன். தங்கமான மனுசங்க. அவுங்ககிட்ட வேலை பாத்தவங்கெல்லாம் இன்னைக்கு மாடி வூடு கட்டிட்டாங்க.

நீ உள்ளார உக்காந்து ஊரு வவுத்த அமுக்கிப் பாக்கறே. நான் வெளிய நீல நாற்காலியில உக்காந்து உன்ற கவுண்டர அமுக்கிப் பாத்தன். எங்க வலிக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

டோக்கன் நோட்டுல அன்னைக்குக் காத்தால 43 பேரு. ரசீது 31. மீதி 12 பேரு எங்கன்னு கேட்டா, "அதெல்லாம் ரிவ்யூங்க தாத்தா"ங்குது அந்தப் புள்ள. அஞ்சு நாளைக்குள்ள திரும்பி வந்தா பீஸ் இல்லைங்கறது நீ வெச்ச வழக்கம், நல்ல வழக்கந்தான். ஆனா அந்த 12 பேருல ஒருத்தரு போன பொங்கலுக்கு வந்துட்டுப் போனவரு. இன்னொருத்தரு உன்ற சித்தப்பனோட சம்பந்தி. ரெண்டு பேரு ஆருன்னு அந்தப் புள்ளைக்கே தெரியல. உள்ள நொழையறப்ப "நல்லா இருக்கறீங்களா மேடம்"னு ஒரு சத்தம் குடுத்தாங்களாம், அதனால தெரிஞ்சவங்களாத்தான் இருக்கோணும்னு விட்டுப்போட்டுது. ஒரு கும்பிடு 300 ரூவா. ஊருக்குள்ள இது தெரிஞ்சா வாசல்ல இருந்தே கும்பிட்டுக்கிட்டு வருவாங்க.

ஒறம்பரைகிட்டக் காசு வாங்குன்னு நான் சொல்லல. வாங்கினா அடுத்த கல்யாணத்துல பந்தியில நமக்கு அப்பளம் வராது. ஆனா இலவசத்துக்கும் ரசீது போடு. பீஸ் 300, தள்ளுபடி 300, வரவு சைபர், தள்ளுபடி சொன்னது ஆருன்னு ஒரு கட்டம். மாசக் கடைசியில கூட்டிப் பாத்தீன்னாக்க உன்ற தர்மம் எத்தனைன்னு உனக்கே தெரியும், அதுல பாதி உனக்குத் தெரியாம உன்ற பேருல ஆரோ பண்ணுன தர்மம்னும் தெரியும். என்ற பேரையும் அதுல எழுதச் சொல்லு. எழுதறதுக்குத்தான் சொல்றன், வசூலுக்கு இல்ல.

அப்பறம் அந்த க்யூஆர் அட்டை. கவுண்டர்ல ரெண்டு ஒட்டியிருக்குது. ஒண்ணு ஆஸ்பத்திரி பேருல வருது. இன்னொண்ண என்ற போனுல காட்டிப் பாத்தா ஆரோ ஒரு தம்பி பேரு வருது. கேட்டா, "நெட்டு மக்கர் பண்றப்ப அவசரத்துக்கு என்ற அக்கவுண்டுங்க, அந்திக்குக் கணக்குக் குடுத்துருவனுங்க"ங்கறான் ராத்திரி டூட்டிப் பையன். பையன் நல்ல பையன். குடுக்கறான்னே வெச்சுக்குவோம். நாளைக்கு வரிக்காரரு கூப்பிட்டு, உனக்கு மாசாமாசம் இத்தனை எங்கிருந்து வருதுன்னு கேட்டா, அவன் கொலதெய்வத்தக் கை காட்டுவானா, உன்னையக் காட்டுவானா? அட்டைய இன்னைக்கே கிழிச்சுப்போடு.

அதே பையன்தான் பில்லு போடறான், அவனேதான் காச வாங்கறான், அவனே தள்ளுபடி குடுக்கறான், தப்பாப் போட்டுட்டேன்னு அவனே பில்ல ரத்தும் பண்றான். ஒரே ஆளு நாலு வேலை பாக்கறான்னு நீ மெச்சிக்கறே. நானா இருந்தா பில்லு போடறவனுக்கு ரத்து பண்ற உரிமை குடுக்க மாட்டன். ரத்தான பில்லு எத்தனை, காசு வாங்கின அப்பறம் ரத்தானது எத்தனைன்னு வாரத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாக்கறதுக்கு உனக்கு ஒரு காபி குடிக்கற நேரங்கூட ஆகாது. பாத்தாப் போதும், ஒண்ணும் கேக்க வேண்டாம். மேடம் பாக்கறாங்கங்கற சேதி போயிருச்சுன்னா ரத்து தன்னால கொறஞ்சுரும்.

சரி, இதெல்லாம் சில்லறை. மொத்தமாப் போறது எங்கன்னு கேளு. இன்சூரன்ஸ்ல போகுது. அதுவும் அந்தப் புள்ளைங்க கையில இருந்து போகல. உன்ற பேனாவுல இருந்து போகுது.

போன மாசம் ஒரு கம்பெனி பணத்தக் குடுக்க மாட்டேன்னு திருப்பியனுப்புன பைலு ஒண்ண எடுத்துப் படிச்சன். 62 வயசுப் பெரியவரு, நெசவாளி, குடலெறக்கம். கேஸ் சீட்டுல எடது பக்கம்னு இருக்குது. டிஸ்சார்ஜ் சம்மரியில வலது பக்கம்னு இருக்குது. கடைசியில ‘வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை’ன்னு ஒரு பட்டியலு, அதுல மூணாவது வரியில ‘குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கவும்’. அந்தப் பெரியவரு படிச்சிருந்தா என்ன நெனச்சிருப்பாருன்னு தெரியல. கம்பெனிக்காரன் படிச்சுப்போட்டான். மொத நாளு சிசேரியனுக்கு அடிச்ச சம்மரியில பேர மட்டும் மாத்தி அடிச்சிருக்குது நம்ம புள்ள, கீழ நீ கையெழுத்துப் போட்டிருக்கறே. நெம்ப அழகான கையெழுத்து.

ஆப்பரேசன் நெசம், நோவு நெசம், தையலு நெசம். காயிதம் மட்டும் பொய் பேசுது. காசு குடுக்கறவனுக்கு அந்தப் பெரியவரு தெரியாது, நீ தெரியாது, உன்ற கைராசி தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சது காயிதம் ஒண்ணுதான்.

இன்னொரு பைலு. டெங்கு காச்சல்னு நாலு நாளு படுத்திருந்த பையன். "மாத்திரையில போற காச்சலுக்கு எதுக்குப் படுக்க வெச்சீங்க"ன்னு கம்பெனிக்காகப் பைலு பாக்கற டிபிஏல இருந்து கேள்வி. அதுக்கு நம்ம பக்கத்துல இருந்து போன பதில ஒரு தடவை படிச்சன், இன்னொரு தடவையும் படிச்சன், ஒரே வரிதான் இருக்குது: "நோயாளி மிகவும் சோர்வாக இருந்தார்." அம்மிணி, அந்த வரியப் படிச்சவனும் சாயங்காலத்துல சோர்வாத்தான் இருந்திருப்பான். வந்தன்னைக்குப் பிளேட்லெட் எத்தனை, மறுநாளு எத்தனைக்கு எறங்குச்சு, வாந்தி எத்தனை தடவை, வாய் வழியாத் தண்ணி எறங்குச்சா இல்லையா, பிபி எத்தனை. இதெல்லாம் நர்சு சார்ட்டுல மணிக்கு மணி எழுதி வெச்சிருக்குது. அதுல அஞ்சாறு நம்பரத் தூக்கிப் பதில்ல போட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். நோயாளிய நீ பாத்தே, கம்பெனிக்காரன் பாக்கல. நீ பாத்தத அவன் கண்ணுக்குக் காட்டறதுக்குத்தான் அந்தப் பதிலு.

பழைய சீக்கு சங்கதி இருக்குது பாரு, அதுல நம்ம சின்ன டாக்டரு கெட்டிக்காரரு. கால்ல புண்ணோட வந்தவருகிட்ட "சக்கரை எத்தனை வருசமா?"ன்னு கேக்கறாரு. நம்மூரு ஆளு எதுக்கும் கணக்கா பதில் சொல்லுவானா? "அது ஆச்சுங்க, ஒரு அஞ்சாறு வருசம்"ங்கறாரு அவரு. சின்ன டாக்டரு ஆறு வருசம்னு கல்லுல வெட்டுற மாதிரி எழுதிப்போட்டாரு. பாலிசி எடுத்து ரெண்டு வருசந்தான் ஆவுது. முடிஞ்சுது சோலி. அப்பறம் அந்தப் பெரியவரு ஊட்டுல பழைய சீட்டத் தேடிப் பாத்தா, முகாமுல சக்கரை இருக்குதுன்னு மொதத் தடவை சொன்னதே பாலிசிக்கு அப்பறந்தான். உள்ளத மறைன்னு சொல்லல கண்ணு, அது மோசடி, அந்த வேலைக்கு நம்ம குடும்பத்துல ஆளு இல்ல. இல்லாததையும் எழுதாதேங்கறன். "எப்ப மொதல்ல டெஸ்ட் பண்ணுனீங்க, சீட்டு இருக்குதா"ன்னு இன்னும் ஒரு கேள்வி கேக்கறதுக்கு என்ன கேடு? எழுதுன அப்பறம் வெள்ளை மையப் பூசித் திருத்தற சோலி மட்டும் வெச்சுக்காத. திருத்துன எடம் திருத்தாத எடத்த விடப் பளபளன்னு தெரியும்.

இப்ப டிஸ்சார்ஜ் கூத்து. காத்தால எட்டரைக்கு ரவுண்ட்ஸ் வந்து "இன்னைக்கு வூட்டுக்குப் போலாம்"னு சொல்லிப்போட்டு நீ தியேட்டருக்குள்ள போயிட்டே. அவுங்க அப்பவே பொட்டியக் கட்டி, பழனியில இருந்து காரையும் வரச் சொல்லியாச்சு. சம்மரி அடிச்சு உன்ற கையெழுத்துக்கு மேசை மேல கெடக்குது. நீ வெளிய வந்தது பன்னெண்டு மணி. மெடிக்கல்ல திரும்பக் குடுத்த மருந்துக் கணக்கு வரல, ஏன்னா அந்தப் பையன் டீ குடிக்கப் போயிட்டான். ரத்த டெஸ்டு ரிப்போர்ட்டுல ஒண்ணு பிரிண்டு எடுக்கல. எல்லாத்தையும் சேத்துக் கம்பெனிக்கு அனுப்பறப்ப மணி ரெண்டே கால். கார்க்காரன் ஹாரன் அடிக்கறான், அந்தம்மா கவுண்டர்ல நின்னுக்கிட்டு இன்சூரன்ஸ்காரன நல்லா நாலு வார்த்தை கேட்டுச்சு. நம்ம புள்ளைங்களும் "ஆமாங்க, அவுங்க எப்பவும் இப்படித்தானுங்க"ன்னு ஒத்து ஊதுச்சுங்க. நான் கம்முனு இருந்தன்.

கேட்டுக்கோ. 2024 மே மாசம் இன்சூரன்ஸ் ஆணையம் ஐஆர்டிஏஐ போட்ட உத்தரவுல, கேஷ்லெஸ் வேணும்னு நாம கேட்டா ஒரு மணி நேரத்துல பதில் சொல்லோணும், டிஸ்சார்ஜுக்கு அனுப்பினா மூணு மணி நேரத்துல முடிச்சுக் குடுக்கோணும்னு இருக்குது. மூணு மணி நேரத்துக்கு மேல போயி நாம எச்சாப் போடற வாடகைய அந்தக் கம்பெனி அதோட பங்குதாரர் நிதியில இருந்து ஏத்துக்கோணுமாம். நல்ல உத்தரவு. ஆனா அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கறது நாம பில்ல அனுப்பினதுக்கு அப்பறம். எட்டரையில இருந்து ரெண்டே கால் வரைக்கும் ஓடுனது நம்மூட்டுக் கடிகாரம். அதுக்கு எந்த ஆணையமும் உத்தரவு போடாது. மொத நா அந்தியே சம்மரிய அடிச்சு வெச்சு, காத்தால ரவுண்ட்ஸ்லயே கையெழுத்துப் போட்டுட்டுத் தியேட்டருக்குப் போனா ஒம்பது மணிக்குப் பில்லு போயிருக்கும். பேனா ரெண்டு கிராம் கனம் இருக்குமா?

ரூம் வாடகைக்கு வர்றன். இதுல நீ பண்ற உபகாரத்துக்குத்தான் எனக்குக் கண்ணு கலங்குது. 3 லட்சத்துப் பாலிசி, வாடகை நாளைக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூவான்னு அதுலயே எழுதியிருக்குது. வந்தவரு கௌரவத்துக்கு 4,500 ரூவா ரூமு கேட்டாரு, நம்ம புள்ளைங்களும் "தாராளமாங்க"ன்னு சாவியக் குடுத்துச்சுங்க. அவரு மனசுல, நாளைக்கு 1,500 ரூவா கைக்காசு போட்டாப் போதும்னு கணக்கு. கம்பெனி கணக்கு வேற. 4,500க்கு 3,000ன்னா மூணுல ரெண்டு பங்கு. அதனால டாக்டர் பீஸு, தியேட்டர் வாடகை, நர்சிங் எல்லாத்துலயும் மூணுல ரெண்டு பங்குதான் குடுப்பான். மருந்து, டெஸ்டு, உள்ள வெக்கற சாமான் இதுல எல்லாம் அந்த வெட்டு வராது. பீஸும் தியேட்டரும் நர்சிங்கும் சேந்து 36,000னு வெச்சுக்கோ, 12,000 போச்சு. டிஸ்சார்ஜ் அன்னைக்கு அந்த 12,000 கட்டச் சொன்னா அவரு ஆரப் பேசுவாரு? பாலிசி வித்த மச்சினன அல்ல. உன்னையத்தான். "பாத்தீங்களா, ஆஸ்பத்திரிக்காரங்க கொள்ளையடிக்கறாங்க"ன்னு டீக்கடையில ஒரு வாரம் ஓடும். வந்தன்னைக்கே பாலிசியப் புரட்டிப் பாத்து, "ஏனுங்க, உங்களுக்கு 3,000 ரூம்தானுங்க முழுசா வரும்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு அதுலயே நல்லாத் தூங்கியிருப்பாரு. ரூம்ல என்ன வித்தியாசம்? இதுலயும் ஃபேன் கிறீச்சுங்குது, அதுலயும் கிறீச்சுங்குது. நாளைக்கு 5,000 ரூவாய்க்கு மேல வாடகை வாங்குனா 2022 ஜூலையில இருந்து 5 சதவீதம் ஜிஎஸ்டி வேற, ஐசியூ தவிர. உனக்கு அந்தக் கவலை இல்ல. அந்த ஃபேனுக்கு 5,000 ஆரு குடுப்பா?

கையுறை, முகக்கவசம் மாதிரிச் சில்லறைச் சாமானுக்குக் கம்பெனிங்க காசு குடுக்க வேண்டியதில்லன்னு 68 அயிட்டத்துக்கு ஒரு பட்டியலு இருக்குது. எல்லாருக்கும் அந்தக் காசு கையில இருந்துதான் போகுது, அதுக்குன்னு தனியாப் பிரீமியம் கட்டுனவங்களத் தவிர. அந்தப் பட்டியலத் தமிழ்ல அடிச்சுக் கவுண்டர்ல ஒட்டு. கடவுள் படத்துக்குப் பக்கத்துல எடம் இருக்குது.

இப்ப வசூல். இங்கதான் என்ற மண்டி மூளை முழிச்சுக்கும். மண்டியில குடியானவன் 10 மூட்டை விரலி எறக்குனா, எடைச் சீட்டு ஒண்ணு, ஏலச் சீட்டு ஒண்ணு, அப்பறம் கமிஷன், எறக்குக் கூலி, சாக்குக் கழிவுன்னு கழிச்சுப் பட்டி ஒண்ணு. கைக்கு வந்த காசும் பட்டியும் ஒரு ரூவா வித்தியாசம் இருந்தாக் குடியானவன் எந்திரிக்க மாட்டான், மாடு வண்டியிலயே நிக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவனும் எந்திரிக்க மாட்டான். நீ வருசக்கணக்காப் படிச்சவ. 50,000க்கு அப்ரூவல் வந்தா நோட்டுல 50,000 வந்துருச்சுன்னு எழுதி டிக் அடிச்சுர்றே. பேங்குல போயி பாத்தியா? நீ ஒப்பந்தத்துல 10 சதவீதம் தள்ளுபடிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கறே, அது 5,000. மீதி 45,000ல 10 சதவீதம் டிடிஎஸ், அது 4,500. பேங்குக்கு வந்தது 40,500. தள்ளுபடி போனது போனதுதான். ஆனா அந்த 4,500 உன்ற காசு கண்ணு, உன்ற பேருல சர்க்காருகிட்ட இருக்குது. பிடிச்ச வரிக் கணக்க வருமான வரி இணையத்துல பாத்து வரியில கழிச்சுக்கோணும். உன்ற பான் நம்பரத் தப்பா அடிச்சிருந்தானுங்கன்னா அது ஆரு பேருலயோ போயி உக்காந்துக்கும்.

அதுலயும் ஒரு வேடிக்கை. டிபிஏகாரன் அஞ்சு நோயாளி காச ஒட்டுக்கா ஒரே தொகையா பேங்குல போடறான். ஆரு கணக்குக்கு எத்தனைன்னு ஒரு மெயிலு வருது. அந்த மெயில ஆரு பாக்கறாங்கன்னு கேட்டன். "பாஸ்வேர்டு போன வருசம் வேலைய விட்டு நின்ன அக்காகிட்ட இருக்குதுங்க"ங்கறாங்க. அக்கா இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்குதாம். உன்ற வசூல் கணக்கும் அங்கதான் இருக்குது.

பைலு அனுப்பின தேதி, கேட்ட தொகை, ஒத்துக்கிட்ட தொகை, வந்த தொகை, பிடிச்சது எதுக்கு, கேள்வி வந்த தேதி, பதில் போன தேதி. இத்தனைக்கும் கோடு போட்ட ஒரு நோட்டுப் போதும். கம்ப்யூட்டர்லயும் வெச்சுக்கோ, நான் வேண்டாங்கல. 30 நாளு தாண்டுனது எல்லாம் செவப்பு மையில இருக்கோணும். உன்ற நோட்டுல செவப்பு எழுத ஆரம்பிச்சா கோயிலு குங்குமம் மாதிரி இருக்கும், அது வேற.

முதலமைச்சர் காப்பீட்டுக்குப் பதிவு பண்ணோணும்னு உன்ற ஊட்டுக்காரரு ஆசைப்படறாரு. நல்லதுதான், 2009ல கலைஞர் காப்பீடுன்னு ஆரம்பிச்சது, இப்ப குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரைக்கும் போகுது. ஆனா அதுல ஒவ்வொரு வைத்தியத்துக்கும் இத்தனைன்னு கட்டுன ரேட்டு. அந்த ரேட்டுல உனக்குக் கட்டுமான்னு மொதல்லயே மருந்து, ஊசி, மயக்க டாக்டரு, கரண்டு எல்லாம் போட்டுப் பாரு. கட்டலைன்னா சேராதே. சேந்துபோட்டு, "இதுக்கு மட்டும் கையில ஒரு பத்தாயிரம் குடுங்க"ன்னு காதுல கேக்கற சோலி மட்டும் ஆகாது. காதுல கேட்டது கலெக்டர் ஆபீசுல உரக்கக் கேக்கும்.

ரொக்கமா ஒரு ஆளுகிட்ட ஒரு வைத்தியத்துக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ வாங்காதே. 2017 ஏப்ரல்ல இருந்து சட்டம். வாங்குனா வாங்குன தொகை அத்தனையும் அபராதம். 1,90,000 இன்னைக்கு, 60,000 நாளைக்குன்னு பிரிச்சு வாங்குனாத் தப்பிச்சுக்கலாம்னு உன்ற ஆடிட்டர் மச்சான் சொல்லுவான். ஒரே வைத்தியம்னா எத்தனை நாளாப் பிரிச்சாலும் ஒண்ணுதான்.

ஸ்கேன் சென்டர்ல இருந்து தீவாளிக்கு முட்டாயிப் பொட்டி வருது, தப்பில்ல. பொட்டிக்கு அடியில கவர் வந்தா அது தப்பு. ஆள அனுப்பறதுக்குக் கமிஷன் வாங்கவும் கூடாது குடுக்கவும் கூடாதுன்னு 2002 மருத்துவர் நடத்தை விதியிலயே இருக்குது. அதே விதியிலதான், படுத்து வைத்தியம் பாத்தவங்க கேஸ் சீட்ட 3 வருசம் வெச்சிருக்கோணும், கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கோணும்னும் இருக்குது. நீ எங்க வெச்சிருக்கறேன்னு பாத்தன். மாடிப்படிக்குக் கீழ, ஜெனரேட்டருக்குப் பக்கத்துல, டீசல் கேனுக்கு மேல. பூனை ஒண்ணு குட்டி போட்டிருக்குது. டாக்டருங்களும் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வர்றாங்கன்னு 1995லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. நாளைக்கு ஆராச்சும் கேசு போட்டா உனக்குச் சாட்சி சொல்றதுக்கு அந்தச் சீட்டு ஒண்ணுதான் வரும், பூனை வராது.

சர்க்காரு நோட்டு ஊருபட்டது இருக்குது, எல்லாத்தையும் சொன்னா நீ ஓடிப்போவே. ஸ்கேன் ரூமுல எஃப் படிவம் மட்டும் கெவனம். கருவுல ஆணா பொண்ணான்னு பாக்கறதத் தடுக்கற 1994 சட்டத்துல ஒரு கட்டத்தக் காலியா விட்டாலும் குத்தந்தான், எழுத்துப்பிழைதானேன்னு 2019ல டாக்டருங்க சங்கமே சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி நின்னும் எடுபடல. மாசாமாசம் அஞ்சாந்தேதிக்குள்ள ரிப்போர்ட்டு போகோணும். நீ கையெழுத்துப் போடறதுக்கு முன்னால எல்லாக் கட்டத்தையும் ஒரு தடவை பாரு, தாய்ப்பால் சம்மரியில போட்ட மாதிரி போட்டுப்போடாதே. குப்பையில மஞ்சப் பை, செவப்புப் பை, வெள்ளை டப்பா, நீல டப்பா நாலும் ஆயாவுக்கு மனப்பாடம், உனக்குத்தான் தெரியல. ஜூன் 30க்குள்ள வருச ரிப்போர்ட்டு போச்சான்னு கேளு. மெடிக்கல்ல எச்1 மருந்துக்குத் தனி ரிஜிஸ்டரு, 3 வருசம் வெச்சிருக்கோணும். அப்பறம் ஆஸ்பத்திரிப் பதிவுச் சான்றிதழ். இதுல மட்டும் சர்க்காரு நம்மள விடச் சாவகாசம். தனியார் ஆஸ்பத்திரிங்கள மொறப்படுத்தச் சட்டம் போட்டது 1997ல. அதுக்கு விதி வந்தது 2018ல. 21 வருசம்! உன்ற டிஸ்சார்ஜ் சம்மரி அதுக்கு எவ்வளவோ பரவால்ல.

"இத்தனையும் நானே பாக்கோணுமா அப்பிச்சி?"ன்னு கேப்பே. பாக்க வேண்டாம். ஆரு பாக்கறாங்கன்னு தெரிஞ்சாப் போதும். இப்ப கவுண்டர்ல இருக்கற புள்ள சூட்டிகையான புள்ள. அதுக்கு நீ குடுக்கற சம்பளத்த நான் கேட்டன். அம்மிணி, உனக்கு வர்ற காசு பூரா அந்தப் புள்ள விரல் வழியாத்தான் வருது. அதுக்குச் சம்பளம் மட்டும் கோழிப்பண்ணையில முட்டை எண்ற புள்ளைய விடக் கம்மி. பக்கத்து டவுன்ல ஒரு ஆயிரம் எச்சாக் குடுத்தாப் போயிரும். போறப்ப பாஸ்வேர்டும் கூடப் போகும், திருப்பூர் அக்கா பின்னாலயே. அந்தப் புள்ளைக்குக் கூட்டிக்குடு. இன்சூரன்ஸுக்குன்னு தனியா ஒரு ஆளு போடு. அந்த ஆளு தினமும் அரை மணி நேரம் உன்னையப் பாக்கோணும், கையில கேள்வி வந்த பைலு இருக்கோணும், நீ அந்த அரை மணி நேரம் போனத் தொடாம இருக்கோணும். கடைசிதான் கஷ்டம்னு எனக்கும் தெரியும்.

ஆறு மாசத்து வராத பாக்கி எத்தனைன்னு ஒரு மதியம் பைலு பைலா கூட்டிப் பாத்தன். தொகைய இங்க சொல்ல மாட்டன், உன்ற ஊட்டுக்காரரு கேட்டாருன்னா அந்தப் புதுக் காரு ஞாபகம் வந்து மயக்கம் போட்டுருவாரு, அப்பறம் அவரையும் படுக்க வெச்சு, எதுக்குப் படுக்க வெச்சீங்கன்னு கேள்வி வரும். பாதிக்கு மேல கேட்டாலே வர்ற காசு. பதில் போடாத கேள்விதான் 17 கெடக்குது.

நாளைக்குக் காத்தால வர்றன். கவுண்டருக்குப் பின்னால, ஃபேனு கிறீச்சுங்காத பக்கமா, ஒரு மேசை போடச் சொல்லு. பழைய பைலு அத்தனையும் மேல ஏத்தி வை, பூனைக்குட்டிய எடுத்துப்போட்டு. சம்பளமெல்லாம் வேண்டாம். பத்தரைக்கு ஒரு காபி வந்தாப் போதும், சக்கரை ரெண்டு கரண்டி. அந்த நர்சம்மா எதுக்கு மொறைக்குதுன்னு நீ கேக்காத, எனக்கு எத்தனை வருசமாச் சக்கரைன்னு சின்ன டாக்டரும் கேக்க வேண்டாம்.